கடற்காற்றும் துவர்ப்பும்: ஒரு சிவப்பு ஒயினின் சுவை உருவாகும் விதம்

பல ஆண்டுகளுக்கு முன்பு, உணவகம் ஒன்றின் பட்டியலைத் தமிழாக்கித் தருமாறு என்னைக் கேட்டிருந்தனர். உணவுப் பெயர்களில் இடர் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கலிபோர்னியாவின் சிவப்பு ஒயின் ஒன்றைப் பற்றி இரண்டு வரி விளக்கம் இருந்தது. அதை நான் இவ்வாறு மொழிபெயர்த்தேன்: "கடலோரத் தோட்டத்தில் விளைந்த உலர்ந்த மது, மெல்லிய உடல், மென்மையான டானின், கனிமச் சாயல், நீண்ட முடிவு." அச்சாகி வந்தபின் அதைப் படித்த என் மாணவர் ஒருவர், "ஐயா, மது எப்படி உலர்ந்திருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த ஐந்து தொடர்களில் ஒன்றின் பொருளைக்கூட நான் அறிந்திருக்கவில்லை. சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவே.

அவற்றின் பொருளைத் தேடிப் போனபோது கண்டவற்றையே இங்கு விளக்க முற்படுகிறேன். மாணவர்கள் படிக்கும் ஏட்டில் ஒயினைப் பற்றி எழுதலாமா என்னும் தயக்கம் எனக்கும் இருந்தது. குடிப்பதைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. வானிலையியல், தாவரவியல், வேதியியல் ஆகிய மூன்றும் ஒரு கோப்பைக்குள் வந்து சேரும் பொருள் இது. சுவைச் சொற்களை ஆராய்வதற்கு இதனினும் ஏற்ற களம் அரிது. அதனால் துணிந்தேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் கள் உண்டு, நறவு உண்டு, தேறல் உண்டு, சாராயம் உண்டு. கள் பனையிலும் தென்னையிலும் இறங்குவது, சாராயம் வடித்தெடுப்பது. திராட்சையை நொதிக்க வைத்துப் பெறுவதைத் 'திராட்சை இரசம்' என்று கிறித்தவத் தமிழ் அழகாகவே சொல்லிற்று. ஆயினும் அச்சொல் வழிபாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எனவே வழக்கில் உள்ள 'ஒயின்' என்பதையே கையாளுகிறேன்.

'உலர்ந்த' என்னும் சிக்கல் எளிதில் தீர்ந்தது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சர்க்கரை அநேகமாக முழுவதும் தீரும்வரை நொதித்தல் நடந்தால், எஞ்சும் பானத்தில் இனிப்பு இராது. அந்த இனிப்பின்மையைத்தான் ஆங்கிலேயர் 'உலர்வு' என்கின்றனர். தமிழில் அது இனிப்பற்ற ஒயின். ஓர் எழுத்தும் கூட வேண்டியதில்லை.

'கடலோர' என்னும் சொல்தான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. அது வெறும் முகவரி என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த விளக்கத்தின் பிற சொற்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே பசிபிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் நிலப்பகுதி சோனோமா. இங்குப் பெரிதும் பயிராகும் சிவப்புத் திராட்சை பினோ நுவார். அதன் தாயகம் பிரான்சின் பர்கண்டி. 'சோனோமா கடற்கரை' என்னும் திராட்சைப் பகுதிக்கு அமெரிக்க அரசின் ஏற்பு 1987இல் கிடைத்தது. அது மிகப் பரந்த பகுதி. கடலுக்கு உண்மையிலேயே அருகிலுள்ளோர், தொலைவிலுள்ளோரும் அதே பெயரை இடுவதை ஏற்காமல் நெடுங்காலம் வாதிட்டனர். 2022இல் 'மேற்குச் சோனோமா கடற்கரை' எனத் தனிப் பெயர் பெற்றனர். ஒரு சொல்லின் எல்லைக்காக மக்கள் இத்தனை ஆண்டுகள் போராடியதை ஒரு மொழியியலாளன் சற்று மகிழ்ச்சியோடுதான் கவனிப்பான்.

நம் கிழக்குக் கடற்கரையில் கால் நனைத்தவர்க்கு அந்தக் கடலைக் கற்பனை செய்வது கடினம். சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. சோனோமாக் கரையில் கோடைகாலத் தொடக்கத்திலும் நீரின் வெப்பம் 10 முதல் 13 பாகைதான். காரணம் காற்று. இளவேனிலிலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசுகிறது. புவியின் சுழற்சியால் கடலின் மேல்நீர் கரையைவிட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அக்குளிர்நீரின்மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் பகலில் சூடேற, அங்குள்ள காற்று மேலே செல்கிறது. அந்த வெற்றிடம் மலை இடுக்குகளின் வழியாகக் கடற்காற்றையும் பனியையும் உள்ளே இழுக்கிறது. நிலம் சூடாகச் சூடாகக் கடலின் குளிர் மேலும் உள்ளே வருகிறது. வெயிலே தனக்கு எதிரான குளிரை அழைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

இக்குளிர் திராட்சையை என்ன செய்கிறது?

ஒரு பழம் கனிவதை ஒரே நிகழ்ச்சி என்று நாம் நினைக்கிறோம். திராட்சைக்குள் இரண்டு கனிவுகள் நிகழ்கின்றன. ஒன்று சர்க்கரை ஏறுதலும் புளிப்பு இறங்குதலும். மற்றொன்று தோலும் விதையும் முதிர்தல். நிறம், மணம், துவர்ப்பு ஆகியவை பக்குவப்படுதல். முதலாவது வெப்பத்தால் விரைவுபடும். இரண்டாவதற்கு நாட்கள் வேண்டும். வெப்பமான பள்ளத்தாக்கில் சர்க்கரை முன்னே ஓடிவிடுகிறது. விதை இன்னும் பச்சையாக இருக்கும்போதே சாறு தித்திக்கத் தொடங்குகிறது. உழவருக்கு இரண்டு வழிகளே உண்டு: இப்போதே பறித்தால் துவர்ப்பு முரடாக இருக்கும், காத்திருந்து பறித்தால் சர்க்கரை மிகுந்து சாராயச் சத்து ஏறும், மணம் ஜாம் போலாகும்.

குளிர்ந்த கடலோரத்தில் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. தோலும் விதையும் அதனோடு சேர்ந்து நடக்க நேரம் கிடைக்கிறது. கடல் திராட்சைக்குத் தருவது உப்பன்று, காலம். என் மொழிபெயர்ப்பில் நான் காணத் தவறியது இதைத்தான்.

புளிப்பின் கணக்கும் இதோடு சேர்ந்தது. திராட்சையில் முதன்மையான அமிலங்கள் இரண்டு: டார்டாரிக் அமிலமும் மாலிக் அமிலமும். பின்னது பச்சை ஆப்பிளில் நாம் உணரும் புளிப்பு. பழம் மூச்சுவிடும்போது மாலிக் அமிலத்தையே எரிக்கிறது. வெப்பம் கூடினால் அதிகமாக எரிக்கும். இரவும் விடியலும் குளிர்ந்த பனிக்குள் கிடக்கும் கொடியின் பழத்தில் அந்த அமிலம் மிச்சமாகிறது. கடலோர ஒயினைக் குடித்தவர்கள் நாவில் நீர் ஊறுவதாகச் சொல்வது அதனால்தான்.

'மெல்லிய உடல்' என்பதும் இங்கேயே தெளிந்தது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் சாராயச் சத்து 1 விழுக்காடு ஆகும். 220 கிராம் சர்க்கரையுள்ள சாறு 13 விழுக்காட்டை எட்டும். 255 கிராம் எனில் 15. சாராயச் சத்தும் கரைந்துள்ள பொருள்களும் மிகுந்தால் பானம் நாவில் கனக்கும். நீர்மோருக்கும் கட்டித்தயிர் மோருக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் 'உடல்' என்றதைத் தமிழ் 'கனம்' என்றால் போதும். 'மெல்லிய உடல்' என்று எழுதியபோது யாருடைய உடலைப் பற்றி எழுதுகிறேன் என்று நான் ஏன் கேட்டுக்கொள்ளவில்லையோ!

குளிர் நல்லது என்றால் மிகுந்த குளிர் இன்னும் நல்லதன்று. நாள் முழுதும் பனிக்குள் கிடக்கும் தாழ்நிலத்தில் திராட்சை கனியவே கனியாது, பூஞ்சணமும் பற்றும். எனவே கரைக்கு மிக அருகில் உள்ளவர்கள் மலைமுகடுகளில் பயிரிட்டனர். ஃபோர்ட் ராஸ்–சீவியூ என்னும் உட்பகுதி 2012இல் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட நிலமே அதன் அடிப்படையாயிற்று. பனி பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கீழே நின்றுவிடுகிறது. முகட்டில் நிற்பவருக்குக் காலுக்குக் கீழே வெண்கடல், தலைக்கு மேலே வெயில். கொடிக்கு ஒளி கிடைக்கிறது. ஆனால் அருகிலுள்ள கடலின் குளிர் வெப்பத்தை ஏறவிடுவதில்லை. ஃபோர்ட் ராஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1812இல் ரஷ்யர்கள் அங்கு ஒரு கோட்டை அமைத்து 1841 வரை இருந்தனர். 'ராஸ்' என்பது 'ரஷ்யா' என்பதோடு தொடர்புடைய சொல்.

தெற்கே பெடலூமா இடைவெளி வேறு வகை. 2017இல் ஏற்புப் பெற்ற இப்பகுதியின் எல்லையைக் காற்றைக் கொண்டே வரைந்தனர். மலைத்தொடரில் விழுந்த பள்ளத்தின் வழியாகக் கடற்காற்று பிற்பகல்தோறும் பாய்கிறது. காற்று வலுக்கும்போது இலைகள் நீரிழப்பைத் தவிர்க்கத் தம் துளைகளை மூடிக்கொள்கின்றன, ஒளிச்சேர்க்கை தளர்கிறது, கனிவு மேலும் தாமதமாகிறது. பழம் சிறுத்துத் தோல் தடிக்கிறது. கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நல்ல வினா உண்டு: ஒரு கோளத்தின் ஆரத்தைப் பாதியாக்கினால், கன அளவோடு ஒப்பிட்ட பரப்பளவு இருமடங்காகும். சிறிய பழத்தில் சாற்றுக்கு விகிதமாகத் தோல் மிகுதி. சிவப்பு ஒயினில் தோல்தான் எல்லாம்.

சிவப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள். பெரும்பாலான வகைகளில் சாறு வெளிறியே இருக்கும். செந்நிறம் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி. துவர்ப்பு தோலிலும் விதையிலும் உள்ள டானின். தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால்தான் ஒயின் சிவக்கிறது. அதே செயலால்தான் துவர்க்கிறது.

இந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல் என்னை நிறுத்தியது. அகராதியில் 'துவர்' என்பதற்குத் துவர்ப்புச் சுவை என்றும் பொருள், செந்நிறம் என்றும் பொருள். பவளத்துக்கும் அது பெயர், பாக்குக்கும் பெயர். துவராடை என்பது துறவியர் உடுத்திய காவி நிற ஆடை. பாக்கு, கடுக்காய், கருங்காலிப் பட்டை ஆகியவற்றில் சாயமும் துவர்ப்பும் சேர்ந்தே இருப்பதைக் கைகளால் வேலை செய்த மக்கள் அறிந்திருந்தனர். மங்குஸ்தீன் பழத்தை உடைத்தவர் எவரும் இதை அறிவர்: அதன் தோல் நாவை இறுக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது. சிவப்பு ஒயினின் நடுப்பொருளைச் சொல்ல நான் 'டானின்' என்று எழுத்துப் பெயர்த்துவிட்டு நின்றேன். அதற்குள் இருந்ததோ தமிழர் அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய சுவை.

துவர்ப்பு உண்மையில் நாவின் சுவைமொட்டுகள் அறியும் சுவையாக மட்டும் நிற்பதில்லை. பெரிதும் அது தொடு உணர்வு. நம் உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்கள் உள்ளன. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கிறது. வழுவழுப்பு நீங்கியதும் நாவும் கன்னத்தின் உட்புறமும் உரசுகின்றன. அந்த உரசலே துவர்ப்பு. நெடுநேரம் ஊறிய தே–ஓ வாயை இறுக்குவதும், அதில் பால் ஊற்றியதும் இறுக்கம் தணிவதும் இதனால்தான். டானின் நம் உமிழ்நீர்ப் புரதத்துக்குப் பதில் பாலின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனை. செலவு ஒரு வெள்ளியைத் தாண்டாது.

கடல் தந்த காலத்தைக் காப்பதும் கெடுப்பதும் இனி ஒயின் செய்பவரின் கையில் உள்ளது. பினோ நுவார் மெல்லிய தோலுடையது. நிறமும் தோல் துவர்ப்பும் குறைவு. துவர்ப்பில் கணிசமான பங்கு விதையிலிருந்து வருகிறது. நிறமி நீரிலேயே கரையும். ஆதலால் நொதித்தலின் தொடக்கத்திலேயே இறங்கிவிடும். விதையின் டானின் சாராயச் சத்து ஏறிய பிறகே நன்கு கரையும். எனவே சிலர் நொதித்தலுக்கு முன்பே சில நாட்கள் பழத்தைக் குளிரில் ஊறவைத்து நிறத்தையும் மணத்தையும் எடுத்துக்கொள்கின்றனர். நொதித்தல் தொடங்கியதும் வாயு தோல்களை மேலே தள்ளி, தொட்டியின்மீது ஒரு தடித்த அடையாகப் படியச் செய்கிறது. அந்த அடையை நாளுக்குச் சில முறை சாற்றுக்குள் அமுக்க வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு வலுவாக, எத்தனை நாள் என்பவைதான் கேள்விகள். மிகையாக அமுக்கினால் மென்மையான பழத்திலிருந்தும் முரட்டுத் துவர்ப்பு வரும். காம்போடு முழுக் குலையையும் இடுவோரும் உண்டு. காம்பு பச்சையாக இருந்தால் அதன் பச்சை வாடையும் சேரும். காம்பு முதிர்வதற்கும் நாட்கள் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து இரண்டாம் மாற்றம். ஒரு பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பச்சை ஆப்பிளின் கூர்மை தயிரின் மென்மைக்கு இறங்குகிறது. சிவப்பு ஒயின்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது நடக்க விடப்படுகிறது. குளிர்நிலத்துப் பழத்தில் புளிப்பு மிகுதியாக இருப்பதால் இறங்கிய பின்னும் போதுமான அளவு நிற்கும். வெப்பநிலத்துப் பழத்தில் முன்பே குறைந்திருந்த புளிப்பு இன்னும் குறைந்து பானம் சப்பென்றாகும். அங்கே வெளியிலிருந்து அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிறகு ஓக் மரப் பீப்பாய். பர்கண்டி மரபின் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். அதன் உட்புறத்தைத் தீயில் வாட்டுவதால் வெனிலா மணமும் புகை மணமும் பிறக்கின்றன. மரத்தின் வழியே நுழையும் சிறிதளவு உயிர்வாயு டானினையும் நிறமியையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. காலப்போக்கில் நிறம் நிலைக்கிறது, துவர்ப்பின் முரடு தணிகிறது. புதிய பீப்பாய்களை மிகுதியாகப் பயன்படுத்தினால், பனியும் காற்றும் மாதக்கணக்கில் உருவாக்கிய மணம் மரவாடைக்குள் மறைந்துவிடும். பீப்பாயில் கசடு அடியில் படிய, மேலே தெளிவு நிற்கும். தெளிந்தது என்னும் பொருளில் 'தேறு' என்பதிலிருந்து பிறந்ததே 'தேறல்'. நம் முன்னோர் தெளிவைக் கண்டே பெயரிட்டிருக்கின்றனர்.

கடலோரம் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. இத்தாலியின் தஸ்கனிக் கரையிலுள்ள பொல்கெரியில் திரேனியக் கடல் சோனோமாவின் கடலைவிட மிக வெதுவெதுப்பானது. அங்கே காபர்னே சோவின்யோன் என்னும் தடித்த தோல் வகை விளைகிறது. பழம் முதிராவிட்டால் குடைமிளகாய் வாடையடிக்கும் இவ்வகைக்கு நீண்ட, ஒளிமிக்க, இளஞ்சூடான பருவம் வேண்டும். அங்குள்ள கடல் அதைத் தருகிறது. 1968ஆம் ஆண்டின் விளைச்சலோடு விற்பனைக்கு வந்து அப்பகுதியை உலகறியச் செய்த ஒயின் சாசிகாயா. அங்கும் கடலின் வேலை பருவத்தை ஒழுங்கு செய்வதுதான். திசை மட்டும் வேறு.

கடலோர ஒயினில் உப்புச் சுவை இருப்பதாகச் சொல்வோர் உண்டு. உப்பைக் கொடி விரும்புவதில்லை. இலையில் மிகுதியாகப் படிந்தால் கருகும். ஆனால் உப்பைக் கையாலேயே சேர்த்த காலம் ஒன்று இருந்தது. கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயின் கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ, கோஸ் ஒயினைப் போலச் செய்வதற்கு, நன்னீர் கலவாத ஆழ்கடல் நீரை அமைதியான நாளில் மொண்டு வருமாறு தம் வேளாண்மை நூலில் முறை வகுத்தார். அந்தத் தீவின் ஜாடிகள் இரட்டைக் கோல் சேர்த்தாற்போன்ற கைப்பிடியால் அடையாளம் காணத்தக்கவை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதி ஜாடிகளின் உடைசல்கள் வெளிவந்தன. அவற்றில் இந்தக் கோஸ் வகையும் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனிடம் நக்கீரர் பேசும் யவனர் தேறல் எந்தக் கரையில் விளைந்ததோ, தமிழ் நாவு மத்தியதரைக் கரையின் ஒயினை அறிந்திருந்தது உறுதி.

எஞ்சியது 'கனிமச் சாயல்'. மண்ணிலுள்ள கல்லின் சுவை வேர்வழியாகக் கோப்பைக்கு வருகிறது என்னும் நம்பிக்கையே இத்தொடருக்குப் பின்னால் உள்ளது. வேர் எடுப்பது நீரில் கரைந்த மிகச் சிறிதளவு தாதுக்களையே. அவை நாவு உணரும் அளவை எட்டுவதில்லை. புவியியல் அறிஞர் அலெக்ஸ் மால்ட்மன் இதை விரிவாக எழுதியுள்ளார். ஈரக்கல், தீக்கல் என்று குடிப்பவர் உணர்வது புளிப்பும் சில நொதித்தல் மணங்களும் சேர்ந்து எழுப்பும் நினைவு. அதாவது இது வேதியியல் அன்று, உவமை. உவமையைப் பொருளாக எடுத்துக்கொண்டு கலைச்சொல் ஆக்கியதுதான் என் தவறு. 'நீண்ட முடிவு' என்பதில் அத்தகைய சிக்கல் இல்லை. விழுங்கிய பின்னும் மணம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறி நிற்பதை அது குறிக்கிறது. நெய்யில் வறுத்த ஏலக்காய்க்கும் அது உண்டு.

அந்தப் பட்டியல் இன்று இல்லை, உணவகமும் இல்லை. ஆயினும் அந்த இரண்டு வரிகளைத் திருத்தி என் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன். "குளிர்ந்த கடலருகே மெல்லக் கனிந்த திராட்சையின் சிவப்பு ஒயின், இனிப்பு இல்லை, கனம் குறைவு, துவர்ப்பு மென்மை, விழுங்கிய பின்னும் மணம் நெடுநேரம் நிற்கும்." கனிமச் சாயலை நீக்கிவிடத்தான் விரும்பினேன். மூலத்தில் உள்ளதை நீக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. ஆகவே 'ஈரக்கல்லை நினைவூட்டும் மணம்' என்று எழுதி, அருகில் பென்சிலால் ஒரு வினாக்குறி இட்டிருக்கிறேன்.